கட்டளை வரியும் அதன் செயலுருபுகளும்

ஏவுவோன் சொல் தெளிவுடையதாயிருத்தல் வேண்டும். ஏவப்படுவோன் அச்சொல்லைத் தெளிந்து கொள்ளுதலும் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் செயல் கெடும். வீட்டிலுள்ள சிறுவனை நோக்கி, "கடைக்குப் போய் இரண்டு வாங்கி வா" என்போமாயின், "எதை வாங்குவது?" என்று அவன் திரும்பக் கேட்பான். கணிப்பொறியோ, கேட்கும்படி நாம் கற்பித்தாலன்றிக் கேளாது. கிடைத்ததைக் கொண்டு எதையேனும் செய்து முடிக்கும். கேட்கக் கற்பிக்கும் அக்கலையைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

கணிப்பொறியை ஏவுதற்குப் படங்களையும் பொத்தான்களையும் தொடுதல் ஒரு முறை. கட்டளையை ஒரே வரியில் எழுத்தால் அடித்தல் பிறிதொரு முறை. இவ்வரியே கட்டளை வரி எனப்படும். அதன் முதற்சொல் நிரலின் பெயர். அதனைத் தொடர்ந்து வருவன அந்நிரலுக்கு நாம் கொடுக்கும் செய்திகள். இச்செய்திகளை நம் பள்ளிப் பாடநூல்கள் 'செயலுருபுகள்' என வழங்குகின்றன. இப்பெயர் மிக்க பொருத்தமுடையது. ஏனெனிற் பின்னர்க் காட்டுமாறு, வேற்றுமையுருபு நம் மொழியிற் செய்யும் தொழிலையே இவையும் செய்கின்றன.

எம் பிழையொன்று

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எம் பிழையொன்றாகும். கொல்லிமலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் சேந்தமங்கலம். அது 1997-ஆம் ஆண்டிற் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் முட்டைக்குப் பெயர்பெற்றதென்பதை யாவரும் அறிவர். அவ்வூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உறவினரொருவருக்காக, விடுமுறை நாளொன்றில், வாரத் தீவனக் கணக்கிடும் சிறு நிரலொன்றைச் சி மொழியில் எழுதிக் கொடுத்தோம். கொட்டகைதோறும் உள்ள கோழிகளின் தொகையை வரிசையாக அடித்தால், முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 கிராம் வீதம், ஏழு நாளுக்கு வேண்டும் தீவனத்தை அது சொல்லும். கொட்டகைகள் நான்கு. பண்ணையார் அடித்த வரி இது:

தீவனம் 4800 5,200 4500 5000

நிரல் சிறிதும் தயங்காது 11,015 கிலோ என்று விடை தந்தது. ஐம்பது கிலோ மூட்டைக் கணக்கில் ஏறக்குறைய 220 மூட்டை. பண்ணையின் கணக்குப்பிள்ளை அவ்விடையைப் பார்த்த அளவிலே, "தம்பி, எண்பது மூட்டை குறையுதே! ஒரு கொட்டகைக் கோழி பட்டினியா கிடக்கும்?" என்றார். அவர் கணிப்பொறியைத் தொட்டறியாதவர். ஆயினும் உண்மை அவர் பக்கம் இருந்தது. மொத்தக் கோழி 19,500; வேண்டும் தீவனம் 15,015 கிலோ, அதாவது முந்நூறு மூட்டைக்குச் சற்று மிகுதி.

பிழை புகுந்த வழி இது. எழுத்தாக வந்த செயலுருபை எண்ணாக மாற்றுதற்கு யாம் கையாண்டது 'ஏடூஐ' என்னும் பழைய செயற்கூறு. அது இடப்புறத்திலிருந்து இலக்கங்களைப் படித்துச் சென்று, இலக்கமல்லாத முதல் எழுத்தைக் கண்டவுடன் நின்றுவிடும். எஞ்சியதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. ஆகவே 5,200 என்பதிற் காற்புள்ளியைக் கண்டு நின்று, 5 என்பதை மட்டும் கைக்கொண்டது. ஐயாயிரத்திருநூறு கோழிகள் ஐந்து கோழிகளாயின. விடை முழுதும் அபத்தமாய் இருந்திருப்பின் யாவரும் கண்டிருப்பர். மெய்போலத் தோன்றும் பொய்யாய் இருந்தமையாலன்றோ கணக்குப்பிள்ளையின் கண் வேண்டியதாயிற்று! பண்ணையார் செய்தது பிழையன்று. கணக்கெழுதுவோர் யாவரும் காற்புள்ளி இட்டே எழுதுவர். சோதியாது ஏற்றுக்கொண்ட குற்றம் எம்முடையதே.

வரலாறு

1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்சன் என்பார் யூனிக்ஸ் என்னும் இயக்கு தளத்தைத் தொடங்கினார். அவருடன் உழைத்த டென்னிஸ் ரிச்சி என்பார் சி மொழியை ஆக்கினார். அம்மொழியில் எழுதப்படும் நிரலின் தலைமைச் செயற்கூறு இரண்டு பொருள்களைப் பெறும்: சொற்களின் தொகை ஒன்று, அச்சொற்களின் வரிசை மற்றொன்று. இவை ஆர்க்சி, ஆர்க்வி எனப் பெயர் பெற்றன. வரிசையின் முதலிடம் நிரலின் பெயருக்கே உரியது. செயலுருபுகள் அதன் பின்னரே தொடங்கும்.

ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு செயலுருபுகளைப் படித்தமையாற் குழப்பம் மிகுந்தது. அதனை நீக்குதற்குக் 'கெட்ஆப்ட்' என்னும் பொதுச் செயற்கூறு எழுந்து, 1985-இல் யாவர்க்கும் வழங்கப்பட்டது. ஒரு சிறுகோடும் ஓர் எழுத்தும் சேர்ந்தது விருப்பக் குறி என்பதும், தனித்து நிற்கும் இரட்டைச் சிறுகோட்டிற்குப் பின் வருவன விருப்பக் குறிகள் அல்ல என்பதும் மரபாயின. பின்னர்க் குனு இயக்கத்தார், இரட்டைச் சிறுகோட்டை முன்னிட்டு முழுச்சொல்லாலும் விருப்பத்தைக் குறிக்கும் வழக்கைப் பரப்பினர். பைத்தான் மொழியில் 2010-ஆம் ஆண்டு முதல் 'ஆர்க்பார்ஸ்' என்னும் தொகுதி உடன் வருகின்றது. பகுத்தல், சோதித்தல், உதவிக்குறிப்பு எழுதுதல் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே செய்யும்.

இடமும் உருபும்

"சாத்தன் கொற்றனைக் கண்டான்" எனினும், "கொற்றனைச் சாத்தன் கண்டான்" எனினும் பொருள் ஒன்றே. இரண்டாம் வேற்றுமையுருபாகிய ஐ நிற்றலால், சொல் எவ்விடத்து நின்றாலும் காணப்பட்டவன் கொற்றனே என்பது தெளிவு. உருபு தொக்கவிடத்தோ ஐயம் பிறக்கும். 'புலிகொல் யானை' என்பது புலியைக் கொன்ற யானையோ, புலியாற் கொல்லப்பட்ட யானையோ என்று தடுமாறுதலை இலக்கணம் பயின்ற மாணாக்கர் நன்கறிவர்.

செயலுருபுகளும் அவ்வாறே இரு திறத்தன. நிற்கும் இடத்தாற் பொருள் தருவன ஒரு திறம். முன்னே ஒரு பெயரைத் தாங்கி வருவன மற்றொரு திறம். ஒரு கோப்பை மற்றொன்றாகப் படியெடுக்கும் கட்டளையில் இரு பெயர்களை வெறுமனே அடுத்தடுத்து இடுவோமாயின், எது மூலம், எது படி என்பதை இடமே காட்டும். இடம் மாறின், பழங்கணக்கின்மேற் புதுக்கணக்கு ஏறுவதற்கு மாறாகப் புதுக்கணக்கு அழிந்துபோம். இங்கே யானையும் புலியும் இடம் மாறியவாறு காண்க. ஆகவே ஒரே வகைப்பட்ட பொருள்கள் பல வருமாயின் அவற்றிற்கு இடமே போதும். எம் கொட்டகைத் தொகைகள் அத்தகையன. வேறுபட்ட பொருள்கள் இரண்டுக்கு மேல் வருமாயின் பெயர் கொடுத்தலே நன்று. இவ்விதியைக் கொண்டு எம் நிரலைப் பைத்தானில் மாற்றியெழுதினோம். இப்போது கட்டளை வருமாறு:

தீவனம் --நாள் 7 --அளவு 110 4800 5200 4500 5000

நாளையும் அளவையும் முன்பின்னாக அடித்தாலும் பொருள் மாறாது.

பதம் பிரித்தல்

நாம் அடிக்கும் வரி நேரே நிரலைச் சென்று சேர்வதில்லை. இடையே 'ஷெல்' என்னும் இடையாள் நின்று, வெற்றிடங்களைக் கண்டவிடத்து வரியைச் சொற்களாக வெட்டுவான். வெற்றிடம் கொண்ட பெயர் ஒன்றாகவே செல்லவேண்டுமாயின் அதனை மேற்கோட் குறிக்குள் அடைத்தல் வேண்டும். செய்யுளிற் பதத்தை மாற்றிப் பிரித்தாற் பொருள் மாறுவதுபோலவே இங்கும் நிகழும். ஆயின் செய்யுளிற் கெடுவது பொருள் மட்டுமே. இங்குக் கெடுவது கோப்புகளும் ஆகும்.

2011-ஆம் ஆண்டிற் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவு நிரலில், அழிக்கும் கட்டளையொன்றில் வெற்றிடம் ஒன்று தவறிப் புகுந்தது. நெடிய பெயருடைய ஒரு சிறு அடைவை அழிக்கவேண்டிய அக்கட்டளை இரண்டு பெயர்களாகப் பிளவுண்டு, நிறுவியோர் பலரின் கணிப்பொறிகளில் நிரல்கள் யாவும் தங்கியிருக்கும் 'யுஎஸ்ஆர்' என்னும் பெருந்தொகுதியையே அழித்தது. ஒரே ஒரு வெற்றிடம் விளைத்த கேடு இது. 2015-இல் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் நிரலில் வேறொரு வகையிற் கேடு நேர்ந்தது. அடைவின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய் நின்றமையின், அழிக்கும் கட்டளை கணிப்பொறியின் வேர் தொடங்கிப் பயனருக்குரிய கோப்புகளை அழித்தது. செயலுருபு வந்ததா என்பதேயன்றி, வந்தது வெறுமையா என்பதும் சோதிக்கற்பாலதென்பதற்கு இது சான்று.

ஐந்து வினாக்கள்

பகுத்தல் முடிந்தபின் சரிபார்த்தல் தொடங்கும். நன்னூலார் திணை, பால், இடம், பொழுது, வினா, விடை, மரபு என்று வழுவை எழுவகையாகக் கூறினார். யாம் ஒவ்வொரு செயலுருபையும் ஐந்து வினாக்களால் ஆராய்தல் நலமெனக் கண்டோம்.

முதலாவது, வேண்டியன எல்லாம் வந்தனவா, வேண்டாதன வந்தனவா? விருப்பக் குறியின் பெயரிற் பிழையிருப்பின் அதனைப் புறக்கணித்து மேற்செல்லுதல் ஆகாது. 'அளவு' என்பதை 'அலவு' என்று அடித்தவர், தாம் கொடுத்த அளவு ஏற்கப்பட்டதாகவே எண்ணியிருப்பர்.

இரண்டாவது, வகை ஒத்ததா? எண் வேண்டிய இடத்து முழுச்சொல்லும் எண்ணாதல் வேண்டும். சி மொழியில் 'ஸ்டர்டோல்' என்னும் செயற்கூறு, படிப்பு எவ்வெழுத்தில் நின்றதென்பதையும் அறிவிக்கும். அவ்விடம் சொல்லின் இறுதியாய் இல்லையாயின் மறுத்துவிடலாம். பைத்தானின் எண்மாற்றம் 5,200 என்பதைத் தானே மறுத்துவிடும். காற்புள்ளியை முற்றும் மறுப்பதோ, ஏற்பதோ என யாம் ஆராய்ந்து, நம் நாட்டு வழக்குப்படி வலப்புறம் மூன்றிலக்கமும் அதன்பின் இவ்விரண்டிலக்கமுமாக ஒழுங்குற நின்றால் ஏற்பதென்றும், 52,00 என்பதுபோல் ஒழுங்கு தவறினால் மறுப்பதென்றும் துணிந்தோம்.

மூன்றாவது, எல்லைக்குள் நிற்கின்றதா? கோழியின் தொகை எதிர்மறையாதல் இயலாது. கோழியொன்று நாளொன்றுக்கு 1100 கிராம் தின்னாது. இவ்வெல்லை வினாவின் அருமையை 2017-ஆம் ஆண்டு பெப்ருவரி 28-ஆம் நாள் உலகம் அறிந்தது. அமேசான் நிறுவனத்தின் எஸ்3 என்னும் சேமிப்புப் பணியிற் சில சேவையகங்களை மட்டும் விலக்கக் கருதி ஒருவர் கட்டளையிட்டார். அக்கட்டளைக்குக் கொடுத்த செய்திகளுள் ஒன்று பிழைபட்டமையின், கருதியதினும் மிகப் பலவான சேவையகங்கள் விலகின. வட வர்ஜீனியாவை இருப்பிடமாகக் கொண்ட அப்பணி நான்கு மணி நேரத்திற்கு மேல் சீர்குலைந்து, அதனை நம்பிய எண்ணற்ற வலைத்தளங்கள் முடங்கின. அதன்பின் அந்நிறுவனத்தார் அக்கருவியைத் திருத்தி, சேவையகங்கள் மெல்லவே விலகுமாறும், வேண்டும் குறைந்த அளவுக்குக் கீழ்ச் செல்லாதவாறும் காப்பு அமைத்தனர். எல்லை வினாவை அக்கருவி முன்னரே கேட்டிருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது.

நான்காவது, ஒன்றோடொன்று இயைகின்றனவா? தொடக்க நாள் முடிவு நாளுக்குப் பிற்பட்டதாயின், தனித்தனியே இரண்டும் நல்ல நாட்களாயினும் கூட்டிப் பார்க்கப் பிழையே.

ஐந்தாவது, உலகில் உண்மையாக உள்ளதா. உளதாயின் நாம் கருதியது அதுவேதானா? கோப்பின் பெயர் செவ்விதாய் இருந்தும் அக்கோப்பு இல்லாது போகலாம். ஊர்ப்பெயரும் அத்தகையதே. சேந்தமங்கலம் என்று அடித்தால் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆயின் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தும் ஒரு சேந்தமங்கலம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன், சோழன் மூன்றாம் இராசராசனைச் சிறைவைத்த ஊர் அதுவே. மாவட்டத்தையும் கேளாத நிரல், நாமக்கல்லுக்குரிய தீவனத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கு அனுப்பினும் அனுப்பும்.

தமிழெழுத்தும் செயலுருபும்

தமிழிற் செயலுருபு எழுதுவோர் அறியவேண்டியன சில உள. சேந்தமங்கலம் என்பது நமக்கு எட்டு எழுத்து. யூனிகோட்டில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலின் அது பன்னிரண்டு குறியீடு. அதனை யுடிஎஃப்-8 முறையிற் சேமிக்குங்கால், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளுதலின், முப்பத்தாறு பைட்டு ஆகின்றது. 'இருபது எழுத்துக்கு மிகாதிருக்க' என்று பைட்டை எண்ணி எல்லையிட்ட நிரல் எட்டெழுத்து ஊரையும் மறுக்கும். சி மொழியின் கெட்ஆப்ட் பைட்டு பைட்டாகவே படித்தலின், தமிழெழுத்து ஒன்றும் அதற்குக் குறும்பெயராதல் இயலாது; நெடும்பெயர்களோ தமிழிற் செவ்வனே வழங்கும்.

கொல்லிமலை என்பதைக் காண்க. கொகரத்தை, ககரத்துடன் ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு முன்னது ஒன்பது குறியீடு, பின்னது பத்து. ஒப்பிட்டால் வேறென்றே சொல்லும். ஆதலின் தமிழ்ச் செயலுருபை ஒப்பிடுமுன் யூனிகோடு வகுத்த இயல்பாக்க முறையால் ஒருவடிவாக்கிக் கொள்ளுதல் இன்றியமையாதது.

தமிழிலக்கங்களும் ஒரு நுட்பம் உடையன. ௧௧௦ என்று அடித்தால் பைத்தான் அதனை 110 என்றே கொள்ளும். ஏடூஐ அதனைச் சுழியம் என்று கொள்ளும். நூறு பத்து என்னும் பழைய குறிகளால் ௱௰ என்று எழுதினாற் பைத்தானும் மறுத்துவிடும். அவை இடமதிப்புடைய இலக்கங்கள் அல்ல என்பது காரணம்.

மறுக்கும் முறை

பிழையைக் காணுதல் பாதி வேலை. கண்டதைக் கூறுதல் மறுபாதி. 'பிழையான உள்ளீடு' என்று மட்டும் சொல்லி நிற்கும் நிரல், வினாத்தாளைத் திருத்தாது பூச்சியம் இட்ட ஆசிரியரை ஒக்கும். எம் நிரல் இப்போது கூறுவது: "இரண்டாம் கொட்டகை: '52,00' என்பது எண்ணாகக் கொள்ளத்தக்கதன்று, 5200 அல்லது 5,200 என எழுதுக." எச்சொல், எவ்விடம், எது வேண்டும் என்ற மூன்றும் அதில் அடங்கின. இத்தகைய செய்தியை விடையோடு கலவாது, பிழைக்கென்று அமைந்த தனி வாயிலில் விடுத்தல் மரபு. நிரல் முடியுங்கால் திருப்பும் எண், வெற்றியாயிற் சுழியமும் தோல்வியாயிற் பிறிதோர் எண்ணும் ஆதல் வேண்டும். கட்டளைப் பிழைக்கு ஆர்க்பார்ஸ் 2 என்னும் எண்ணைத் திருப்பும். பிழையின்றி முடிந்தவிடத்தும், 'கொட்டகை 4, கோழி 19,500, நாள் 7' என்று தான் உணர்ந்ததைத் திருப்பிச் சொல்லும்படியும் செய்தோம். கணக்குப்பிள்ளை ஒருவர் எஞ்ஞான்றும் அருகிருப்பார் என்று நம்பலாகாதன்றோ?

மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி

2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடம் ஒன்றுண்டு. அங்கே கெட்ஆப்ட் கொண்டு கோப்பின் பெயர் கட்டளை வரியினின்றும் பெறப்படுகின்றது. பலர் இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பர். அந்நிரலை மீண்டும் எடுத்து, செயலுருபு ஒன்றுமே கொடாது இயக்கிப் பார்க்க. பின் இல்லாத கோப்பின் பெயரையும், வெற்றிடம் கொண்ட பெயரையும் கொடுத்துப் பார்க்க. ஒவ்வொரு முறையும் நிகழ்வதைக் குறித்துக்கொண்டு, மேற்கூறிய ஐந்து வினாக்களையும் அதனிற் சேர்க்க. ஒரு மாலைப்பொழுதில் முடியும் இப்பயிற்சி, பாடநூலிலுள்ள அப்பத்து வரிகளின் உட்பொருளை விளங்க வைக்கும்.

முடிவுரை

இவையெல்லாம் சிறுவர் நிரல்களுக்கேயன்றிப் பெரியோர் நிரல்களுக்கு வேண்டா என்று எண்ணற்க. லினக்ஸ் தளங்களில் மேலதிகாரம் வழங்கும் 'பிகேஎக்செக்' என்னும் நிரல், நிரற்பெயராகிய ஒன்றேனும் சொல்வரிசையில் இருக்குமென்று நம்பி எழுதப்பட்டது. வரிசை முற்றும் வெறுமையாய் வரின், அது எல்லை கடந்து அயலிடத்தைப் படித்தது. அவ்வழியே எளிய பயனரும் தலைமை அதிகாரம் பெறுதல் கூடுவதாயிற்று. 2009-இற் புகுந்த அப்பிழை 2022-ஆம் ஆண்டு சனவரியிலேயே வெளிப்பட்டது. பதின்மூன்று ஆண்டளவு பல்லாயிரம் கண்கள் கடந்துபோன பிழை, 'தொகை சுழியமாய் இருந்தால்?' என்னும் ஒரு வினாவினால் நீங்கியிருக்கும்.

திருமறையின் நியாயாதிபதிகள் ஆகமத்திலே, யோர்தான் துறையில் வந்தவரை ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, நாத் தவறினவரை வெட்டி வீழ்த்திய காவலரைக் காண்கின்றோம். சோதித்தல் அங்கும் உண்டு, இரக்கம் இல்லை. நம் நிரலின் வாயிற்காவலன் அவ்வாறாகாது, தவறினவர்க்கு நேர்வழி காட்டி மீண்டும் வருக என்று விடுப்பவனாதல் வேண்டும். காரவள்ளியினின்றும் கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் உள. அறிந்த ஓட்டுநர் தடையையும் சக்கரத்தையும் அடிவாரத்திலேயே பார்த்துக்கொள்வர். நாற்பதாம் வளைவில் நின்று பார்த்தலாற் பயனில்லை. நாமும் செயலைத் தொடங்குமுன்னரே செயலுருபைச் சோதிப்போமாக. எம் நிரலை நம்பி எங்கோ ஒரு கொட்டகையில் ஐயாயிரத்திருநூறு உயிர்கள் காத்திருக்கின்றன என்பதை யாம் இனி மறவோம்.